தோல் கோட்டு வாங்குமுன் இந்த டீச்சர் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் அண்ணன் மகள் வரும் ஜனவரியில் படிப்பதற்காகக் கனடா போகிறாள். ஊர் வின்னிபெக். அங்கே ஜனவரியில் மைனஸ் 20 என்பதெல்லாம் சாதாரணம். போன வாரம் வீட்டில் இதைப் பற்றித்தான் பேச்சு. "நாம ஆம்பூர்க்காரங்க. பிள்ளைக்கு ஒரு நல்ல தோல் கோட்டு இல்லாம அனுப்பினா எப்படி?" என்கிறார் அண்ணன். "மெத்துனு இருக்கிற ஆட்டுத் தோலா பாருங்க" என்கிறார் அண்ணி. இரண்டு பேரிடமும் வேண்டாம் என்றேன். அதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் குட்மார்னிங்குக்குப் பதில் வருவதில்லை. அதனால் என் தரப்பை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் இவளுடைய அண்ணன் அதே ஊருக்குப் போனான். அவனுக்குக் கோட்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நான்தான். சென்னையில் ஒரு கடை. 11,500 ரூபாய். உள்ளே "ஜெனுயின் லெதர்" என்று லேபிள். பளபளவென்று கறுப்பு. முப்பது வருடம் தோல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் ஆயிற்றே, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. கல்விக்கடனில் போகிற பையனுக்கு அந்தப் பணம் சின்னப் பணம் இல்லை. முதல் குளிர்காலத்திலேயே முழங்கை மடிப்பில் கீறல் விட்டது. மார்ச் மாதத்துக்குள் பப்படம் மாதிரி உரிந்தது. அதைவிட மோசம், அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது குளிர் தாங்காமல் பக்கத்துக் கடைக்குள் ஓடி நின்றிருக்கிறான். இதை எனக்குச் சொல்லவே இல்லை. அத்தை வருத்தப்படுவார்கள் என்று. அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது கோட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்ததும்தான் தெரிந்தது.

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு என் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருபது வருட அனுபவம் உள்ளவன். ஏழாம் வகுப்பில் தசம பின்னத்துக்காக என்னிடம் வாங்கிய திட்டு அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது தொட்டுப் பார்த்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் சொல்கிறான். உரிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டீச்சர், கடைக்காரன் பொய் சொல்லல. இது தோல்தான். ஆனா அடித்தோல். மேல பிளாஸ்டிக் ஒட்டியிருக்கான்."

மாட்டுத் தோல் மொத்தமானது. அதை மெஷினில் கிடையாக இரண்டு மூன்றாகப் பிளப்பார்கள். முடி இருந்த மேல் அடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னி இருக்கும். உறுதி அங்கேதான். கீழ் அடுக்குக்கு ஸ்ப்ளிட் என்று பெயர். நார் தளர்ந்து இருக்கும். அதன் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டி, அச்சு குத்தி, மேல்தோல் மாதிரி காட்டிவிடலாம். அந்தப் படலம் மடிப்பில் வெடிக்கும், கடும் குளிரில் இன்னும் விறைக்கும். இதையும் "ஜெனுயின்" என்று எழுதலாம், ஏனென்றால் உள்ளே தோல் இருக்கிறதே. பாண்டட் லெதர் என்பது இன்னும் கீழே, தோல் துகள்களைப் பசை போட்டு அழுத்திச் செய்தது. லேபிளில் தேட வேண்டிய வார்த்தை ஃபுல் கிரெய்ன், மேற்பரப்பைத் தேய்க்காத முழுத் தோல். அதற்கு அடுத்தது டாப் கிரெய்ன். வெறும் "ஜெனுயின்" என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அண்ணியின் ஆட்டுத் தோலுக்கு வருகிறேன். செம்மறித் தோல் நப்பா கையில் பட்டால் வெண்ணெய் போல இருக்கும், உண்மை. ஆனால் உடைக்கான செம்மறித் தோல் பெரும்பாலும் 0.6லிருந்து 0.8 மில்லிமீட்டர்தான். கல்யாணத்துக்குப் போட்டுப் போக அழகு. முதுகில் பை மாட்டி, பஸ் கம்பியில் உரசி, தினம் போடுகிற கோட்டுக்கு அது தாங்காது. வெள்ளாட்டுத் தோல் அதைவிட உறுதி, நார் இறுக்கம். அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட் வெள்ளாட்டுத் தோலில் தைத்ததுதான். ஆனால் ஒரு வெள்ளாட்டுத் தோல் நான்கைந்து சதுர அடிதான் வரும். முழங்கால் வரை நீளும் கோட்டுக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒவ்வொரு தையலும் காற்று நுழையும் வாசல். கனமான நீளக் கோட்டுக்கு என் ஓட்டு 1.1லிருந்து 1.3 மில்லிமீட்டர் மாட்டுத் தோலுக்கு. எருமைத் தோலும் உழைக்கும், ஆனால் பார்வைக்குக் கொஞ்சம் முரடு.

அப்படியானால் இன்னும் தடிமனாக 2 மில்லிமீட்டர் வாங்கலாமே என்று என் அண்ணன் போலக் கேட்காதீர்கள். வகுப்பில் போட்ட கன அளவுக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் தோல் 1.2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 1.2 லிட்டர் கன அளவு. எடை ஏறக்குறைய ஒரு கிலோ. நீளக் கோட்டுக்கு நான்கு சதுர மீட்டர் என்று வைத்தால் நான்கு கிலோ. லைனிங், ஜிப் எல்லாம் தனி. 2 மில்லிமீட்டர் என்றால் பிள்ளை அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் போக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்காதது. தோல் குளிரைத் தடுக்காது, காற்றைத் தடுக்கும். இரண்டும் வேறு. உடம்பின் சூட்டைக் காப்பது அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. கம்பளியும் இறகும் பஞ்சும் செய்வது அந்த வேலையைத்தான். சினிமாவில் பார்க்கிற அந்தப் பிரபலமான அமெரிக்க விமானப்படை ஜாக்கெட் ஏ-2, 1931இல் வந்தது, ஆரம்பத்தில் குதிரைத் தோலில் தைத்தார்கள். அவர்கள் கணக்கில் அது கோடைக்கால உடை! குளிருக்கு அவர்கள் போட்டது பி-3. கம்பளியோடு சேர்த்துப் பதனிட்ட செம்மறித் தோல், கம்பளி உள்பக்கம். பிரிட்டிஷ் விமானிகள் போட்ட இர்வின் ஜாக்கெட்டும் அதே முறை. சூடேற்றும் வசதி இல்லாத விமானத்தில் அவ்வளவு உயரத்தில் பறந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. இதைத்தான் ஷியர்லிங் என்கிறோம். நிஜமான குளிருக்குத் தோலில் கோட்டு வேண்டும் என்றால் இது ஒன்றுதான் தனியாக நின்று சமாளிக்கும்.

"நம்ம ஊரில் செம்மறி இல்லையா?" என்று தம்பி முறை ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துச் செம்மறி பெரும்பாலும் முடி ஆடு, கம்பளி ஆடு இல்லை. கோவை, நீலகிரி இனங்கள் விதிவிலக்கு. ஷியர்லிங்குக்கு வேண்டிய அடர்த்தியான கம்பளி மெரினோ போன்ற இனங்களில்தான் கிடைக்கும். அதனால் அது வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அப்படித்தான்.

மாட்டுத் தோல்தான் என்றால் கழற்றி மாட்டக்கூடிய கனமான கம்பளி லைனிங் அவசியம். ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று பல் வழியாக நேராக நெஞ்சுக்கு வரும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அளவு பாருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். பாக்கெட் வாய், காலர் அடியில் வெட்டு விளிம்பு தெரிந்தால் உற்றுப் பாருங்கள். நார் நாராக இருந்தால் நல்லது, தோசைமாவு ஊற்றினாற்போல மேலே ஒரு தனி ஏடு தெரிந்தால் படலம். கட்டை விரலால் அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றி ஓடும், படலம் போட்டது ஒரே மொத்தமாகக் குழியும். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். நல்ல தோலுக்கும் மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள், பனிக்கு அது வேண்டும்தான், தண்ணீர் ஊறாது. தையலையும் பாருங்கள். ரொம்ப நெருக்கமாகக் குத்தியிருந்தால் தபால்தலை ஓரம் மாதிரி ஒரு நாள் கிழிந்து வரும். தோலில் விழுந்த ஊசித்துளை துணியில்போல மூடாது.

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. குரோமியம் போட்டுப் பதனிடுவது எத்தனை கிணறுகளைக் கெடுத்தது என்பது நம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீட்டுக் கதை. உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம் பக்கத்துடையது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் பழைய முறை திருச்சி, திண்டுக்கல் பக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது ஷூ, பை வேலைக்குத்தான் அதிகம் பொருந்தும். உடைக்கு வேண்டிய குழைவு குரோமில்தான் சுலபமாக வருகிறது. ஆகவே குரோம் தோல் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு விலை கொடுத்து நம் தண்ணீர் உருவாக்கிய தோலை ஒரே வருடத்தில் உரிந்து குப்பைக்குப் போகிற கோட்டாக வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இருபது வருடம் போடுகிற மாதிரி வாங்கு, இல்லை வாங்காதே.

அதனால் அண்ணனுக்கு என் பதில் இது. ஷியர்லிங் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். பிள்ளைக்கு இறகு அடைத்த நல்ல பார்க்கா ஒன்று அங்கே போய் வாங்கிக்கொள்ளப் பணம் கொடுங்கள், ஏர்போர்ட்டிலிருந்து வீடு போகும்வரைக்கு என் பழைய கம்பளிச் சால்வையும் ஸ்வெட்டரும் போதும். தோல் கோட்டுதான் கௌரவம் என்றால் அவள் வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கொள்ளட்டும், மைனஸ் 5க்கும் ப்ளஸ் 10க்கும் நடுவில் போட்டுக்கொள்ள.

ஏற்கெனவே வெளிநாட்டில் தோல் கோட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஈரமாக வந்தால் ஹீட்டர் பக்கத்தில் காயப்போடாதீர்கள், தோல் சுருங்கி விறைத்துவிடும். ரோட்டில் போடுகிற உப்பு பட்டு வெள்ளையாகத் திட்டு விழுந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அண்ணனும் நானும் அடுத்த சனிக்கிழமை பெரியமேட்டுக்குப் போகிறோம். ஷியர்லிங் விலை கேட்டுவிட்டாவது வரலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். அந்தப் பக்கம் வியாபாரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காலை பதினொரு மணிக்குள் வந்துவிடுவோம். உரிந்த கோட்டையும் பையில் எடுத்து வருகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க.