சிவப்பு மையும் சங்கக் கணக்கும்

பேரேட்டில் சிவப்பு மைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. தணிக்கைக்கு வரும் அதிகாரியின் கண் நீல எழுத்துகளைக் கடந்து, சிவப்புக் கோடிட்ட இடத்திலேயே நிற்கும். இன்று அப்பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்து வருகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்திற்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பெரிய மென்பொருள் எதுவாயினும், அன்றாடப் பாக்கிப் பட்டியலை எழுத்தர்கள் எக்செல் விரிதாளில் வைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே சிவப்பு மை இனி யார் கையில் இருக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

விரிதாளில் சிவப்பு மையின் வேலையைச் செய்வது ‘நிபந்தனை வடிவமைப்பு’ என்னும் வசதியாகும். எக்செலின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பில் இது முதன்முதலாக இடம்பெற்றது. தவணைத் தேதி உள்ள பத்தியைத் தேர்ந்து, ‘இத்தேதி இன்றைய தேதிக்கு முந்தியதாயின் சிவப்பாகுக’ என்று ஒரு நிபந்தனை விதித்தால் போதும். நாள் கடந்த கட்டங்கள் தாமே சிவக்கும். பணம் செலுத்தியவரை நீக்கும் நிபந்தனையையும் உடன் சேர்த்துவிட்டால், கணக்குத் தீர்ந்ததும் சிவப்பு தானே மறையும். ஆயிரம் பெயர் கொண்ட பட்டியலில் கண் களைப்பதில்லை. விலை கொடாமலே கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு.

இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் நாள் கடந்த பிறகு சிவப்புக் காட்டுவதனால் மட்டும் அங்கத்தினருக்கு என்ன பயன்? தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துவோர் வட்டி ஏதும் செலுத்த வேண்டுவதில்லை. கெடு தவறினால் அச்சலுகை கைநழுவிப் போகிறது. ஆதலின் கெடுவுக்கு முப்பது நாள் இருக்கும்போதே அக்கட்டம் மஞ்சளாக வேண்டும். அன்றே அந்த உழவருக்குச் செய்தி போக வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே கூட்டுறவு; வந்த பின் அளப்பது வெறும் கணக்கு.

அடுத்து, எல்லைக்கோட்டை வகுப்பது யார் என்பது கேள்வி. தாம்பரத்தைச் சுற்றியுள்ள நமது வட்டாரத்தில் படப்பை, மணிமங்கலம் பக்கத்து உழவரும் உண்டு. குன்றத்தூர்ப் பட்டு நெசவாளரும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து வாழ்பவருக்கும், பாவு முடிந்து சேலை சேர்ந்தால் கூலி பெறுபவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா? பிற கடன்களுக்கு 90 நாட்களை அளவாகக் கொண்ட ரிசர்வ் வங்கியே, குறுகிய காலப் பயிர்க்கடன்கள் வாராக்கடனாவதற்கு இரண்டு பயிர்ப் பருவங்களை அளவாக வைத்துள்ளது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க வழியின்றித் தறி நிற்கும். அம்மாதங்களில் நூல் இருப்பு நெசவாளரிடம் தங்குவது குற்றமாகாது. இதனைக் கணிப்பொறி அறியாது. எழுத்தர் தாமே ஓர் எண்ணை இட்டுவிட்டால் அதுவே சட்டமாகிவிடும்.

இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். எக்செல் தேதிகளை 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எண்களாக எண்ணி வைக்கிறது. தேதி எழுதாமல் விடப்பட்ட கட்டத்தை அது பூஜ்யமாகக் கொள்ளும். பூஜ்யம் எல்லாத் தேதிகளுக்கும் முந்தியதாகையால், கெடு தவறாத ஓர் அங்கத்தினர் எழுத்தரின் மறதியால் சிவந்து நிற்பார். இதற்கு மாறாகத் தேதியைப் புள்ளியிட்டு எழுதினால், பல கணிப்பொறிகள் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாகக் கொள்ளும். உண்மையிலேயே கெடு தவறியவர் வெள்ளைக் கட்டத்தில் ஒளிந்துகொள்வார். குற்றமற்றவரின் மானமும் சங்கத்தின் பணமும் ஒருங்கே கெடுவதற்கு இவ்விரு பிழைகளே போதும்.

நிறம் எதற்காக என்பதை நமது பகுதியினருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நீர் வீடுகளுக்குள் ஏறியது. வானிலைத் துறையின் எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று பொருள். செயலோடு பிணைக்கப்படாத நிறம் வெறும் அலங்காரமே. நமது பட்டியலிலும் ஒவ்வொரு நிறத்திற்கும் எதிரே, யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்வது என்று எழுதியிருக்க வேண்டும்.

எனவே நமது சங்கங்களின் அடுத்த பேரவைக் கூட்டங்களில் நான்கு தீர்மானங்கள் வருவது நலம். முதலாவது, எந்த எல்லையில் எந்த நிறம் என்பதை உழவருக்கும் நெசவாளருக்கும் தனித்தனியே பேரவையே வகுத்தல். இரண்டாவது, தேதியோ தொகையோ இல்லாத கட்டங்கள் சிவப்பாகாமல் சாம்பல் நிறத்தில் தனித்து நிற்குமாறு செய்து, மாதந்தோறும் மூல ரசீதுகளோடு ஒப்பிடுதல். மூன்றாவது, நிறத்தோடு ‘கெடு நெருங்கியது’, ‘கெடு கடந்தது’ என்று சொல்லாலும் எழுதுதல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத கண்கள் சிலருக்கு உண்டு, கறுப்பு அச்சிலோ எல்லா நிறமும் ஒன்றுதான். நான்காவது, சிவந்த பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், முதலில் உரியவரை அழைத்துக் காரணம் கேட்டறிதல்.

கணக்குத் தெளிவாக இருப்பது சங்கத்திற்கு வலிமை. ஆனால் சங்கம் கட்டங்களால் ஆனதன்று, அங்கத்தினரால் ஆனது. சிவப்பு மைப் புட்டியைக் கணிப்பொறியிடம் தருவோம். எங்கே தொட வேண்டும் என்று சொல்லும் உரிமையை மட்டும் நாமே வைத்துக்கொள்வோமாக.