கூரை ஒழுகுது, வீடும் அதிருது: ஒரே தூள் இரண்டையும் சரி செய்யுமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கீங்களா? அப்படியென்றால் இந்த இரண்டும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். துன் சம்பந்தன் சாலையில் மோனோரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே, உங்கள் கூரையில் மஞ்சள் கறை படரும்.

"கான்கிரீட்டில் இதைக் கலந்தால் ஒழுகலும் நிற்கும், அதிர்வும் குறையும்" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான்.

முதலில் ஒழுகல். கான்கிரீட் கல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. கலவை எளிதாகப் பரவட்டும் என்று கூடுதலாக ஊற்றும் தண்ணீர், பிறகு வற்றும்போது விட்டுச்செல்லும் பாதைகள்தான் அவை. மழைநீரும் உப்பும் அவற்றின் வழியே கம்பியை எட்டினால் கம்பி துருப்பிடித்து வீங்கும். கான்கிரீட் பெயர்ந்து விழும். கடலை ஒட்டிய கிள்ளான் துறைமுகப் பக்கம் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் முதல் மருந்து, தண்ணீரைக் குறைப்பது. சூப்பர்பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் சேர்த்தால் குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகி ஓடும். அடுத்தது சாம்பல். ஆமாம், சாம்பல்தான்! காப்பாரில் இருப்பது போன்ற மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பலும், சிமெண்டுத் துகளைவிடச் சுமார் 100 மடங்கு சிறிய சிலிக்கா தூளும், சிமெண்டில் உருவாகும் சுண்ணாம்போடு வினைபுரிந்து துளைகளை அடைக்கின்றன.

இதற்கு நம்ம ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது: 452 மீட்டர் உயர பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். அதன் மைய அமைப்பிலும் தூண்களிலும் சிலிக்கா தூள் சேர்த்த உயர்வலிமை கான்கிரீட் பயன்பட்டது. கீழ்ப்பகுதியில் அது 80-ஆம் தரம். எஃகை இறக்குமதி செய்வது செலவு என்பது ஒரு காரணம். கனமும் விறைப்பும் உள்ள கான்கிரீட், காற்றில் கோபுரம் ஆடுவதைக் குறைக்கும் என்பது இன்னொன்று.

அப்போ அதிர்வுக்கும் தூள் உதவியதே என்று கேட்பீங்க. உதவியது, ஆனால் சுற்றுவழியில். தூள் கான்கிரீட்டை விறைப்பாக்கியது. அதிர்வை அது உறிஞ்சவில்லை. அதே கோபுரங்களுக்கு நடுவில் உள்ள வான்பாலத்தின் எஃகுக் கால்களைப் பாருங்கள். காற்றில் அவை நடுங்காமலிருக்க, உள்ளே தனியாக அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். பழைய டயர் ரப்பர் துகளைக் கலந்தால் கான்கிரீட் அதிர்வை ஓரளவு உறிஞ்சும், ஆனால் வலிமை குறையும். ரயில் அதிர்வைத் தண்டவாளத்துக்கு அடியிலேயே ரப்பர் திண்டு வைத்துத் தடுப்பதுதான் சரியான வழி. அதை வீட்டுக்காரர் செய்ய முடியாது.

இந்தச் சேர்க்கைகள் எல்லாம் கான்கிரீட் கலக்கும் நேரத்தில் போட வேண்டியவை. கட்டி முடித்த வீட்டில் மேற்பூச்சுதான் பூச முடியும். மேல்வீட்டுக் குழாய் இணைப்பு கசிந்தால், உங்கள் கூரையில் எதைப் பூசினாலும் காசு வீண்தான்.

அதனால் பூச்சு வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அதன் 2015 விதிமுறைகளும் உங்கள் பக்கம் இருக்கின்றன. கூரையில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல்வீட்டில் என்றே கருதப்படும். நீங்கள் அறிவிப்புக் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்து 5 நாளுக்குள், காரணத்தையும் பொறுப்பாளியையும் குறிப்பிடும் 28-ஆம் படிவச் சான்றிதழைத் தர வேண்டும். பொறுப்பாளி 7 நாளில் பழுதுபார்க்காவிட்டால், நிர்வாகமே செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் புலம்புவதோடு நிறுத்திடாதீங்க. அறிவிப்பை எழுத்தில் கொடுங்க, தேதியோடு படம் எடுத்து வையுங்க. நிர்வாகம் அசையாவிட்டால் உள்ளாட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கிய புது வீடாக இருந்தால், சாவி கையில் வந்த தேதியை முதலில் பாருங்க: குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் 24 மாதம்.