வருமானப் பட்டியல் போதாது

வாடிக்கையாளரை வருமானத்தால் பிரித்து, மேல்தட்டை மட்டும் குறிவைப்பதே புத்திசாலித்தனம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 1956-இல் சந்தைப் பிரிப்பைக் கோட்பாடாக முன்வைத்த வெண்டல் ஸ்மித் பேசியது மக்களின் விருப்பங்கள் வேறுபடுவதைப் பற்றி.

வருமானப் பட்டியலை நம்பியிருந்தால், கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கியிருக்கவே மாட்டார். கிராமத்தாருக்கு ஆசை இருந்தது. பாட்டில் விலைதான் எட்டவில்லை. நாள்கூலி வாங்குபவர் கையில் மாதத்துக்கான பணம் ஒரே நாளில் எப்படிச் சேரும்? ஒரு முறைக்கான சிறு பொட்டலமான சாஷே அந்தத் தடையை உடைத்தது (அந்த வழியை முன்பே காட்டியவர் ரங்கநாதனின் தந்தை சின்னிகிருஷ்ணன்). சிக் விற்பனையாளர்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களின் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். காலி சாஷேக்களுக்குப் புதியது இலவசமாகக் கிடைத்தது. பின்னாளில் விலை 50 காசுக்கு இறங்கியது.

கிராமத்தாரை ‘வாங்கும் திறனற்றவர்கள்’ என்று ஒதுக்கச் சொல்பவர்கள், கிராமத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் சாஷே சரங்களைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.