அக்கரைச் சாக்லேட்

"லண்டன் சாக்லேட் வந்திருக்கிறதாமே!" என்று எதிர்வீட்டு அம்மாள் விசாரித்தபோதுதான், சங்கதி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

உண்மைதான். மாசி மாதம் என் நாத்தனார் லண்டனிலிருந்து வந்திருந்தாள். பெட்டியில் துணிமணிகளைவிடச் சாக்லேட்டே அதிகம். அதே பெயரில், அதே நிற உறையில் எங்கள் தெருமுனைக் கடையிலும் கிடைக்கிற சரக்குத்தான். ஆனாலும் சீமையிலிருந்து வந்தது அல்லவா? மாமியார் அத்தனையையும் வாங்கி, பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் பேரக் குழந்தைகளுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு ஏழு வயதில் ஒரு பெண். சாயங்காலம் தாயாருடன் அவளும் வருவாள். அவளுக்கும் மாமியார் சாக்லேட் கொடுக்கத் தவறமாட்டார். ஆனால், அது தெருமுனைக் கடைச் சாக்லேட்! "அவளுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகிறது?" என்பார்.

அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குத் தெரியாது, சரி. நமக்கு மட்டும் தெரியுமோ? உங்களையும்தான் கேட்கிறேன், சகோதரிகளே! உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஓர் "அக்கரைச் சரக்கு" பூட்டிக் கிடக்கிறதா, இல்லையா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பண்டமும் ஒன்றாகிவிடாது. காட்பரி டெய்ரி மில்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1905-இல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் தேசத்தில் அந்தக் கம்பெனி 1948-இல் வியாபாரம் தொடங்கியபோது சாக்லேட்டைக் கப்பலில்தான் வரவழைத்தது. பிற்பாடு இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. அமெரிக்காவிலோ 1988 முதல் ஹெர்ஷி கம்பெனி உரிமை பெற்று அதே பெயரில் தயாரித்து வருகிறது. உறையின் பின்புறம், எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது முறை. இங்கிலாந்துச் சாக்லேட்டில் முதலில் நிற்பது பால்; அமெரிக்கச் சாக்லேட்டில் முதலில் நிற்பது சர்க்கரை. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் "எங்கள் ஊர்ச் சாக்லேட்தான் வேண்டும்" என்று தேடி வாங்கினார்கள். ஹெர்ஷி வழக்குப் போட்டது. 2015-இல் ஏற்பட்ட சமரசத்தில், அதை இறக்குமதி செய்துவந்த வியாபாரிகள் நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். நாக்கு ருசி நீதிமன்றப் படி ஏறிய கதை இது!

ஆகவே, ருசி வேறாக இருப்பது நிஜம். ஆனால் "வேறு" என்பதும் "உயர்வு" என்பதும் ஒன்றா? இங்கிலாந்துச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெயுடன் பனை எண்ணெய்க் கொழுப்பும் ஷியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் கொட்டைக் கொழுப்பும் கொஞ்சம் சேர்கின்றன. இதை வைத்தே ஐரோப்பாவில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சண்டை நடந்தது. ஸ்பெயினும் இத்தாலியும் "இதைச் சாக்லேட் என்று சொல்லி விற்கக் கூடாது, சாக்லேட்டுக்குப் பதில் சரக்கு என்று எழுதுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தன. அது தவறு என்று 2003-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே ஓய்ந்தன. நாம் பீரோவில் வைத்துப் பூட்டுகிற பண்டத்தை அண்டை வீட்டுக்காரர்களே அங்கீகரிக்க மறுத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?

சித்திரை மாதக் கடைசியில் ஒரு நாள், "அம்மா, ஒரு விளையாட்டு விளையாடலாமா?" என்று மாமியாரைக் கேட்டேன். விளையாட்டு என் சொந்தச் சரக்கு அல்ல. 1940-களில் டென்மார்க்கில், கார்ல்ஸ்பெர்க் பீர் தயாரிக்கும் ஆலையில் ருசி பார்ப்பதற்காகக் கையாண்ட முறை. பீர் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள், முறை சுத்தமானது! மூன்று மாதிரிகள் வைப்பார்கள். இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டத்தால் சரியாகிவிடும். அதனால் ஒரு தடவை போதாது. மூன்று தடவையும் அதிர்ஷ்டத்தால் மட்டுமே சரியாக வருவது 27-இல் ஒரு பங்குதான்.

என் முகத்தைப் பார்த்தே மாமியார் கண்டுபிடித்துவிடுவாரோ என்று, துண்டுகளைத் தட்டில் வைக்கும் பொறுப்பை மூத்த பையனிடம் விட்டுவிட்டு நான் கூடத்தில் இருந்தேன். மாமியார் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர்.

மூன்று தடவையும் வேறானதைச் சரியாகப் பிடித்துவிட்டார்! அவருடைய நாக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "இதுதான் லண்டன்! வாயில் வைத்தவுடன் எப்படிக் கரைகிறது, பார்!" என்றார் பெருமையாக. பையன் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டான். மூன்று தடவையும் அவர் லண்டன் என்று சொன்னது தெருமுனைக் கடைச் சாக்லேட்!

காரணம் பீரோவுக்குள் இருந்தது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி வெப்பத்தில் உருகும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. அதனால்தான் சாக்லேட் வாயில் கரைகிறது. ஆனால் சென்னையின் சித்திரை வெயிலில் இரும்புப் பீரோவும் வாயைப் போலத்தானே ஆகிவிடுகிறது? பகலில் இளகி, இரவில் இறுகி, கொழுப்பு ஒழுங்கு தப்பி மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூஞ்சைக் காளான் அல்ல. தின்றால் கெடுதலும் இல்லை. ஆனால் வழவழப்புப் போய், நாக்கில் நறநறக்கும். கடல் கடந்து வந்த பெருமையை நம் பீரோ இரண்டே மாதத்தில் தின்றுவிட்டது! கடைக்காரரோ குளிர்ப்பெட்டியிலிருந்து அன்றைக்கு எடுத்துக் கொடுத்தார்.

அதனால், யார் எங்கிருந்து கொண்டுவந்தாலும், சாக்லேட்டைப் பூட்டி வைக்காமல் சீக்கிரம் தின்றுவிடுங்கள். வெயில் காலத்தில் வைக்கத்தான் வேண்டுமென்றால், காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் வெங்காய வாசனை ஏறிவிடும். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல், குளிர் அடங்கியபின் திறங்கள். இல்லையேல் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து, அதுவும் வெள்ளையாகப் பூக்கும்.

அன்று மாமியார் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்தார். மிச்சமிருந்த லண்டன் துண்டுகளையும் கடைச் சாக்லேட்டையும் ஒரே தட்டில் வைத்து எல்லாக் குழந்தைகளையும் கூப்பிட்டார். வேலைக்கார அம்மாளின் பெண்ணிடமும் தட்டை நீட்டி, "உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்" என்றார்.

அவள் லண்டன் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"பாட்டி, இது மணல் மாதிரி இருக்கு. வழக்கமாக் கொடுப்பீங்களே, அதுவே கொடுங்க!"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்பொழுது எங்கள் பீரோவில் பட்டுப் புடவைகள் மட்டும்தான் இருக்கின்றன.