பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள்

வீட்டில் இணையம் மெதுவானால் என்ன நடக்கிறது? அப்பா பெட்டியை அணைத்து மறுபடி போடுகிறார். நீங்கள் பக்கத்தில் போனால், “அதைத் தொடாதே!” என்கிறார் அம்மா. கடைசியில், இன்னும் வேகமான திட்டத்துக்கு மாதாமாதம் கூடுதல் வெள்ளி கட்டுவதென்று முடிவாகிறது. அதற்குமுன் யாராவது பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

முதலில் சுவர். பல வீவக வீடுகளில், நடுவே ஊசித்துளையும் சுற்றிலும் திருகுமரையும் கொண்ட வட்ட முனை ஒன்று இன்னும் இருக்கிறது. 1995இல் சிங்கப்பூர் கேபிள் விஷன் தொடங்கிய கேபிள் தொலைக்காட்சியின் மிச்சம் அது. ஒரே செம்புக் கம்பியில் தொலைக்காட்சியும் இணையமும் வெவ்வேறு அலைவரிசைகளில் மோதிக்கொள்ளாமல் வந்தன. கேபிள் மோடம் தன் பங்கை மட்டும் பிரித்தெடுத்தது. 2019இல் ஸ்டார்ஹப் கேபிளைக் கைவிட்டு ஃபைபருக்கு மாறிவிட்டது. அந்த முனையில் இனி எதைத் திருகினாலும் இணையம் வராது.

இப்போது வருவது ஒளி. மெல்லிய கண்ணாடி இழை, பெரும்பாலும் பச்சைச் செருகியோடு, ஓஎன்டி என்ற சிறு பெட்டிக்குள் நுழைகிறது. பரவலாக உள்ள ஜிபான் முறையில், வீட்டுக்கு வரும் தகவல் 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும் வெளியே போவது 1310 நானோமீட்டரிலும் ஒரே இழையில் எதிரெதிராக ஓடுகின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இந்த இடத்தில் அம்மா சொல்வது முற்றிலும் சரி: இழையைக் கழற்றாதீர்கள், முனைக்குள் பார்க்காதீர்கள், மடக்காதீர்கள். கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும்.

ஆனால், இழைக்குப் பொருந்தும் தடையைப் பெட்டி முழுவதற்கும் போட்டுவிடுகிறோம். அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஓஎன்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் ஈதர்நெட் வயரைத் தொடுவதில் ஆபத்து இல்லை. கோளாறு அடிக்கடி ஒளிந்திருப்பதும் அங்கேதான். ரவுட்டரில் அது ‘வான்’ என்று எழுதிய துளைக்குள் போக வேண்டும். மற்றத் துளைகள் ‘லான்’, கணினி, தொலைக்காட்சிக்கானவை. கூட்டிப் பெருக்கும்போது கழன்றதை இடம் மாற்றிச் செருகிவிட்டு, “நெட் போச்சு” என்று உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு.

அந்த வயருக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கியிருக்கும். வெளி மின்காந்த இரைச்சல் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகத் தாக்கி, ஒன்றையொன்று ரத்தாக்குவதற்கே அந்த முறுக்கு. நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். 1 கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் எப்போதும் இணையம் நின்றுவிடும் என்பதில்லை. பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். மாதக் கட்டணம் மட்டும் இறங்காது!

மடிக்கணினியை வயர் வழியாக ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். 1 கிகாபிட் திட்டத்தில் 900க்கு மேல் காட்டினால் நல்லது. வைஃபைதான் தடுமாறுகிறது, ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். 94க்குப் பக்கத்தில் அசையாமல் நின்றால் வயரைச் சந்தேகியுங்கள். சோதிக்க எடுத்த வயரையும் சேர்த்துத்தான். தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் டவரில் புதிது வாங்கலாம். உறையின் மேல் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.