பூண்டு விற்ற காசு விசா ஏஜெண்டு பையில்!

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் ஒரு விவசாயி. நமக்குப் பழக்கமானவர். பெயர் வேண்டாம்.

பூண்டு போட்டு, வடுகபட்டி மண்டியில் விற்று, மகனை என்ஜினீயருக்குப் படிக்க வைத்தார். பையன் கெட்டிக்காரன். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்குள்ள பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவமும் வந்து விட்டது. பாக்கி விசாதான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஏஜெண்டு.

"இந்த பாஸ்புக்கைக் காட்டினா உள்ளேயே விட மாட்டான்ணே. 30 லட்சம் ஒரு மாசத்துக்கு உங்க கணக்குல போடுறேன். நூத்துக்கு 3 ரூபா வட்டி. விசா வந்ததும் எடுத்துக்கிடலாம்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாத வட்டி மட்டும் 90 ஆயிரம் ரூபாய்! மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போனது.

இதற்கு மேல் விசா கட்டணம் 185 டாலர். மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். இரண்டும் சேர்ந்தால் நம்ம பணத்தில் 45 ஆயிரத்தைத் தாண்டும். விசா கிடைக்காவிட்டால் ஒரு பைசா திரும்பாது.

3 நிமிடம்

வத்தலக்குண்டுக்கு பஸ், கோடை ரோட்டில் ராத்திரி ரயில். அப்பாவும் மகனும் சென்னை வந்தார்கள். முதல் நாள் கைரேகை, போட்டோ. லாட்ஜில் ஒரு ராத்திரி. மறுநாள் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பேட்டி. அப்பா வெளியே பிளாட்பாரத்தில் நின்றார்.

"யார் செலவு செய்கிறார்?"

"அப்பா. பேங்கில் 30 லட்சம் இருக்கிறது."

"அப்பாவுக்கு என்ன தொழில்?"

"பூண்டு விவசாயம்."

"30 லட்சம் எப்படிச் சேர்ந்தது?"

பையன் பொய் சொல்லிப் பழகாதவன். திக்கினான். மொத்தம் 3 நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பி விட்டார்கள். "214 (பி) பிரிவு" என்று அதில் இருந்தது.

அது என்ன பிரிவு? அமெரிக்காவின் 1952-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தில் உள்ளது. விசா கேட்டு வருகிறவன் அங்கேயே தங்கி விடத்தான் வருகிறான் என்று அதிகாரி முதலில் எடுத்துக் கொள்ள வேண்டும். "இல்லை, படித்து விட்டுத் திரும்புவேன்" என்று நம்ப வைப்பது பையன் பொறுப்பு. அப்பீல் கிடையாது. புதிதாக மனு போடலாம், அவ்வளவுதான்.

வேடிக்கையைப் பாருங்கள். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் இதே கொடைக்கானலுக்கு ஏறி வந்து 2 பங்களா கட்டினார்கள். 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே திறந்தார்கள். இன்று அது கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி. "எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்று மலையில் யாரும் அவர்களைக் கேட்கவில்லை!

சரி, அது பழங்கதை. அவன் நாடு, அவன் சட்டம். நான் தூதரகத்தோடு சண்டைக்குப் போகவில்லை. போலிக் காகிதம் கொடுத்து ஏமாற்றப் பார்த்தான் என்று முடிவு கட்டியிருந்தால் வாழ்நாள் தடையே விழுந்திருக்கும். வெறும் மறுப்போடு விட்டது பையனின் நல்ல நேரம். என் ஆத்திரமெல்லாம் ஏஜெண்டு மேல்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "மறுபடி போடலாம், ரெண்டு கட்டணத்தையும் திரும்பக் கட்டுங்க." பச்சைப் பொய்! 12 மாதத்துக்குள் மறுபடி மாணவர் விசாவுக்கு மனு போட்டால் 350 டாலரைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. விசா கட்டணம் மட்டும் போதும்.

லைசென்ஸ் எங்கே?

வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவர் அந்தச் சட்டத்தில் வருவதில்லை. மாடியில் ஒரு ரூம், சுவரில் சுதந்திர தேவி சிலைப் படம், கடை திறந்தாச்சு!

பஞ்சாபில் 2012-லேயே இதற்குச் சட்டம் போட்டு லைசென்ஸ் வைத்தார்கள். அதனால் மோசடி நின்று விட்டதா? இல்லை. கனடாவில் படித்த பஞ்சாப் பிள்ளைகள் பலருக்கு, ஏஜெண்டு வாங்கித் தந்த கல்லூரிக் கடிதமே போலி என்று தெரிந்து, 2023-ல் நாடு கடத்தும் கட்டம் வரை போனது. தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அந்த அரசு நிறுத்தி வைத்தது. ஆனாலும் லைசென்ஸ் நம்பர் என்று ஒன்று இருந்தால் புகார் எழுத ஒரு பிடி உண்டு. நம்ம விவசாயி கையில் துண்டு ரசீது கூட இல்லை. மாநிலத்தை ஆளுகிறவர்கள் இதைக் கவனிக்கக் கூடாதா?

இப்போது அப்பாவும் மகனும் தாலுகா ஆபீசுக்கு நடக்கிறார்கள். தாத்தா பேரிலேயே கிடக்கும் தோட்டத்துப் பட்டாவை மாற்ற வேண்டும். மாறினால் அதை வைத்து பேங்கில் கல்விக் கடன் கேட்கலாம். கடன் அனுமதிக் கடிதமே பணத்துக்கு ஆதாரம். அதில் மறைக்க ஒன்றுமில்லை, பையன் திக்கவும் வேண்டாம்.

350 டாலர் கட்டிய ரசீது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கெடு முடிய இன்னும் 7 மாதம்.