எண்ணியதும் எய்தியதும்

மாறுதல் மனித வாழ்க்கையின் இயல்பு. கல்லூரி விட்டு நீங்குதல், தொழில் பெறுதல், இல்லறம் புகுதல், ஊர் பெயர்தல், ஓய்வு பெறுதல் என வரும் திருப்பம் ஒவ்வொன்றிலும் நாம் ஓர் எண்ணத்தோடு நிற்கின்றோம். எய்துவதோ பலமுறை வேறொன்றாகின்றது. அப்போது நம்மவர் வாயில் வருஞ்சொல் "எல்லாம் அவன் செயல்" என்பது. அச்சொல்லை நாம் எப்பொருளில் வழங்குகின்றோம் என்று ஆராய்தல் இவ்விழா மலருக்குப் பொருந்துமெனக் கருதுகின்றேன்.

இச்சொல்லைப் பிழைபட வழங்குவோர் இருதிறத்தார். ஒரு சாரார் சோம்பர். செய்யவேண்டியதைச் செய்யாதுவிட்டு, வந்த தோல்வியை இறைவன்மேல் ஏற்றுவர். மற்றையோர் வணிகர் போன்றவர். உயர்தரப் பரீட்சை அணுகுங் காலத்தில் நம் கோயில்களிலே அருச்சனைகள் பெருகுகின்றன. மருத்துவ பீடமோ பொறியியற் பீடமோ கிடைத்தால் இன்னது செய்வேன் என்று நேர்த்தி வைக்கின்றனர். கிடையாதவிடத்து வழிபாடு தளர்கின்றது. சில வீடுகளிலே பிள்ளையோடு பேச்சும் நின்றுவிடுகின்றது. இவர்கள் நம்பியது இறைவனையன்று. தம் எதிர்பார்ப்பையே நம்பினர். இறைவனை அதற்கு ஏவலாளனாக்க முயன்றனர் என்பதே உண்மை.

அங்ஙனமாயின் வேண்டுதலே கூடாதோ எனின், அன்று. திலகவதியார் வரலாற்றை நோக்குக. தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரிலே பட்டார். உயிர்விடத் துணிந்த அம்மையார் தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியும் பின்னர் வேறு சமயம் புகுந்து பிரிந்தார். அம்மையாரோ திருவதிகையிலே விடியுமுன் திருவலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பி மீளவேண்டும் என்று இறைவனை வேண்டவுஞ் செய்தார். ஆயின், வேண்டியது கிட்டினாலன்றித் தொண்டு செய்யேன் என்றாரல்லர். வேண்டுதல் இருந்தது, நிபந்தனை இல்லை. இவ்வேறுபாடே பற்றுக்கும் பேரத்துக்கும் இடைப்பட்ட எல்லை.

நமக்கு அணித்தான மற்றொரு சான்று நாவலர் பெருமான். வெசுலியன் மிசன் பாடசாலைப் பணியைத் துறந்த அவர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவச் சூழலிலே ஆங்கிலமுங் கற்பிக்கவேண்டும் என்னுங் கருத்தினால் 1872 இல் ஓர் ஆங்கில வித்தியாசாலையையுந் தொடங்கினார். அது போதிய பொருளுதவியின்மையாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1879 இல் அவர் மறைந்தார். சைவபரிபாலன சபை தோன்றியது 1888 இல். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் ஆதரவில் அமைந்தது 1890 இல். தாம் எண்ணியது நிறைவேறியதை அவர் கண்ணாற் கண்டாரல்லர். கண்டாலன்றிச் செய்யேன் என்று அவர் இருந்திருப்பின், இன்று இந்துக் கல்லூரிகள் விழாக்கொண்டாட இடமேது?

இங்கே ஒரு தடை எழும். பரீட்சையிலே தவறிய மாணவனுக்கு இவ்வாறு கூறலாம். அனைத்தையும் இழந்தாருக்குக் கூறலாமோ என்பர். தக்க வினாவே. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலே, கையிற் கிடைத்தவற்றோடு நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். போரிலே பிள்ளைகளை இழந்த தாயார் இன்றும் நம்மிடையே உளர். அவர்பாற் சென்று "அவன் செயல்" என்று உபதேசிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது என் துணிபு. மனிதர் செய்த கொடுமையை இறைவன்மேல் ஏற்றுதல் பக்தியாகாது. நம்பிக்கை ஒருவன் தன் நெஞ்சுக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தக்கது. பிறர் துயரை வாயடைக்கும் கருவியன்று. துயருற்றார்க்கு நாம் செய்யக்கடவது அருகிருந்து உதவுதலே.

ஆதலின், எதிர்பார்ப்பை விடுதலாவது முயற்சியை விடுதலன்று. பயனின் உருவை நாமே வரையறுத்துவிட்டு, அவ்வுருவில் வாராததெல்லாந் தோல்வியெனக் கொள்ளும் பிடிவாதத்தை விடுதலாம். உழவன் உழுது விதைக்கின்றான். மழையை அவன் பெய்விப்பதில்லை. பெய்யாத ஆண்டிலும் கலப்பையை எறிந்துவிடுவதில்லை.

மாணவர்காள், நன்கு கற்மின். பெறுபேறு எதுவாயினும் அதுவே உம் வாழ்வின் அளவுகோலன்று. பெற்றோர், தம் நிறைவேறா ஆசைகளைப் பிள்ளையின் தோளிலே சுமத்தாதிருப்பாராக. ஓய்வு பெற்றும் புலம்பெயர்ந்தும் வாழும் பழைய மாணவர்காள், பதவியும் ஊரும் நீங்கிய பின்னரும் தொண்டு நீங்குவதில்லை. பயன்காணும் நாளை எண்ணாது கல்லூரிக்கு உதவுமின். நாம் இருந்து கற்ற நிழல், அதிலே தாம் இருக்கமாட்டோம் என்று அறிந்தோர் நட்ட மரத்தின் நிழலன்றோ!